ரஷ்யாவும் அமெரிக்காவும் டிஸ்ட்ரிக்ட் லைனில் வந்த நாள்

பூச்சி உருண்டை மணம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் வியர்க்கத் தொடங்கிவிடும். மே மாதத்து வெயிலில், பதினொரு வயதில், பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்த அப்பாவின் தடித்த குளிர்ச்சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, காதை மூடும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு, பிளேஸ்டோவிலிருந்து விம்பிள்டனுக்கும் விம்பிள்டனிலிருந்து பிளேஸ்டோவுக்கும் ஒரே நாளில் போய் வந்தவள் நான். "அதைக் கழட்டடி, மயங்கி விழப்போறாய்" என்று அம்மா மூன்று தரம் சொன்னார். நான் கேட்கவில்லை. அன்று நான் ரஷ்யா. குளிர்ச்சட்டையைக் கழற்றிவிட்டால் பிறகு ரஷ்யாவை யார் மதிப்பார்கள்?

அது 1995. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐம்பது வருடம் ஆனதைக் கொண்டாட நாடு முழுவதும் கொடிகள் கட்டியிருந்த நேரம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் பிளேஸ்டோவில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. அந்த மண்டபத்தை வேறு பலரும் பாவித்தார்கள். கராட்டி பழகும் பொடியன்கள், பின்னல் வேலை செய்யும் பெண்கள், புதன்கிழமைகளில் தேநீர் குடிக்க வரும் முதியவர்கள். விடுமுறைத் திங்கட்கிழமை எல்லோரும் சேர்ந்து ஒரு விழா, ஒவ்வொரு கூட்டமும் அரை மணி நேரம் ஏதாவது செய்ய வேண்டும் என்று தேவாலயத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வழக்கம்போல் ஒரு பரதநாட்டியத்தைப் போட்டுவிடலாம் என்று மற்றப் பெற்றோர் யோசித்துக்கொண்டிருக்கும்போது, எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத என் அம்மா கையை உயர்த்தினார். "நேச நாடுகள் போரை என்னண்டு திருப்பினவை எண்டு ஒரு நாடகம் போடலாம். நான் எழுதிறன்."

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் பதினொரு வருடம் வரலாறு படிப்பித்தவர். லண்டனுக்கு வந்த பிறகு ஒரு லாண்டரியில் ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். ஊர்ச் சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கிய இடங்களில் ஒருவரும் அவற்றை வடிவாகப் பார்க்கக்கூட இல்லை. ஆறு வருடமாக இந்த ஊரில் அம்மாவிடம் யாரும் கேட்ட ஒரே கேள்வி, நாளைக்கு எந்த ஷிப்ட் என்பதுதான். அதனால் அன்று மாலை ஒரு புதுக் கொப்பியை வாங்கிக்கொண்டு வந்து குசினி மேசையில் அவர் எழுதத் தொடங்கியபோது, கறி அடிப்பிடித்ததைக்கூட எங்களில் ஒருவரும் குறை சொல்லவில்லை. அந்த நாடகம் சரிவர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்ட அளவுக்கு என் பரீட்சைக்குக்கூட வேண்டியதில்லை.

நாடகத்தில் ஆட்கள் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாடு. மேடைத் தரையில் ஐரோப்பாவின் படத்தைச் சோக்கினால் கீறி, நாடுகள் தங்கள் தங்கள் இடத்தில் நிற்கும். இதில் முதல் போர் பெற்றோர்களுக்கிடையில் நடந்தது. "என்ரை பிள்ளை ஜேர்மனியோ? நாளைக்கு இவளை ஆர் கலியாணம் கட்டுவினம்?" என்று எட்டு வயதுப் பெண்ணின் தாய் ஒருவர் சண்டைக்கு வந்தார். ஹொலண்ட் ஐந்து நாளில் விழுந்தது என்று கேள்விப்பட்ட இன்னொருவர், தன் மகன் ஐந்து நிமிடமாவது மேடையில் நிற்க வேண்டும் என்று நின்றார். கடைசியில் ஜேர்மனியை வேறு எந்த வீட்டிலும் கேட்க முடியாமல் அம்மா என் அண்ணாவின் தலையில் கட்டினார். பிரித்தானியா, பள்ளிக்கூடத்திலேயே சிறியவளான ஆறு வயதுத் துளசி. அவளுக்கு ஒரு சட்டி மூடி கேடயம், ஒரே ஒரு வசனம். அமெரிக்கா, பதின்மூன்று வயதுக்குள் ஆறடியை எட்டிக்கொண்டிருந்த கஜன்.

கடைசிக் காட்சிக்கு அம்மா ஒரு உத்தி வைத்திருந்தார். அண்ணாவின் இடுப்பில் நீளமான கறுப்புத் துணி சுற்றியிருக்கும், இரண்டு தலைப்பும் இரண்டு பக்கம் தொங்கும். கிழக்குப் பக்கத் தலைப்பை நான் பிடித்து இழுப்பேன். அண்ணா பின்னால் சாய்ந்து தாங்கிக்கொள்வான். எவ்வளவு இழுத்தாலும் விழமாட்டான். பிறகு கஜன் கடலைத் தாண்டி வந்து துளசியோடு சேர்ந்து மேற்குத் தலைப்பைப் பிடித்து இழுத்தவுடன் அவன் பம்பரமாகச் சுற்றி விழுவான். "ஒரு பக்கத்தாலை இழுத்தா அவன் மற்றப் பக்கம் சாய்ஞ்சு நிப்பான். ரெண்டு பக்கத்தாலையும் ஒரே நேரம் இழுக்க வேணும். போரின்ரை விஷயமே அதுதான் பிள்ளையள்" என்று ஒவ்வொரு ஒத்திகையிலும் அம்மா சொல்வார். ஆங்கிலேயர்களுக்கு விளங்க வேண்டுமே என்று காட்சிகளுக்கு நடுவில் வாசிக்க ஆங்கிலத்தில் குறிப்பும் எழுதினார். அதைத் தானே வாசிக்க மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். டொக்டருக்கு ஃபோன் எடுக்க முன்பு வசனத்தை இரண்டு தரம் சொல்லிப் பார்க்கிறவர் அவர். குறிப்பு, பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ரவி அண்ணையின் கைக்குப் போனது.

விழா நாள் காலை ஒன்பது மணிக்கு ஃபோன் அடித்தது. கஜனின் தாய். "இவருக்கு உடம்பு ஏலாமல் கிடக்கு தங்கச்சி. கஜனைக் கூட்டிக்கொண்டுவர ஆளில்லை" என்றார். ரிசீவரை வைத்த அம்மாவின் முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது. எங்கள் ஆட்களில் ஒருவர் விழா நாளன்று திடீரென்று உடம்பு ஏலாமல் படுத்தால் அதற்கு மருந்துக்கடையில் மருந்து இல்லை; கோபம் என்று அர்த்தம்.

கோபத்துக்குக் காரணமும் இருந்தது. எங்களிடத்தில் நல்லது கெட்டது எதற்கும் வீட்டுக்குப் போய் "சொல்ல" வேண்டும். வாசலில் நின்று, வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்து, இன்ன நாள் இன்ன நேரம், வந்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். பிளேஸ்டோவில் இருந்த பதினான்கு வீட்டுக்கும் அம்மா லாண்டரி முடிந்த கையோடு நடந்தே போய்ச் சொல்லியிருந்தார். கஜனின் தகப்பன் நடராசா மாமா மட்டும் மூன்று மாதத்துக்கு முன்புதான் வீடு மாறி, லண்டனின் மற்றக் கோடியிலிருக்கும் விம்பிள்டனுக்குப் போயிருந்தார்; சனிக்கிழமைகளில் கஜனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விடுவதோடு சரி. பிளேஸ்டோவுக்கு அப்பால் எல்லாமே அம்மாவுக்கு வெளிநாடு. வெளிநாட்டுக்கு அனுப்புவதுபோல் அழைப்பிதழை உறையில் போட்டு, முத்திரை ஒட்டி, தபாலில் சேர்த்துவிட்டார்.

"வராட்டி வராமல் விடட்டும். அமெரிக்கா இல்லாமலே போரை முடிக்கிறன்" என்றார் அம்மா. ரோஷத்தில் அம்மாவும் குறைந்தவர் இல்லை. "என்னண்டம்மா முடிப்பியள்? நான் ஒரு பக்கத்தாலை இழுத்துக்கொண்டே நிக்கிறதோ?" என்று கேட்டேன். அம்மா கைப்பையை எடுத்தார். "ரெண்டு மணிக்கு முதல் வந்திடுவம். நாங்கள் வராமல் தொடங்கிப்போடாதேயும் தம்பி" என்று ரவி அண்ணைக்கு ஃபோனில் சொல்லிவிட்டு வாசலில் இறங்கினார். நான் குளிர்ச்சட்டையோடு பின்னால் ஓடினேன்.

விம்பிள்டன் வீட்டில் நடராசா மாமா சாரத்தோடு கதிரையில் சாய்ந்திருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். நோயாளிக்கான ஒரு அறிகுறியும் இல்லை. அமெரிக்காவோ மாடிப்படியில், வெள்ளியில் நட்சத்திரம் வெட்டி ஒட்டிய நீலச் சட்டையோடு, அழுத கண்ணோடு உட்கார்ந்திருந்தது. விடியவே உடுத்திவிட்டானாம்.

"ஆ, தங்கச்சியோ? என்ன, இண்டைக்குத் தபாற்காரனுக்கு லீவோ?" என்றார் மாமா, பேப்பரை இறக்காமல்.

அம்மா செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார்.

"பிளேஸ்டோவிலை இருக்கேக்கை உங்கடை வீட்டிலை ஒரு தேங்காய் உடைச்சாலும் எனக்குத் தெரியும். இங்காலை வந்து மூண்டு மாசம். அதுக்குள்ளை நாங்கள் முத்திரை ஒட்டிக் கூப்பிடுற ஆக்களாப் போட்டம், என்ன?" என்றபோது மாமாவின் குரல் கொஞ்சம் உடைந்தது. அவருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் கூட என்பது அந்த வயதிலும் எனக்குத் தெரிந்தது.

அம்மா நிமிர்ந்து நின்று சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "பிழைதான் அண்ணை. நான் வந்து சொல்லியிருக்க வேணும். இப்ப சொல்லுறன். இண்டைக்கு ரெண்டு மணிக்கு எங்கடை பள்ளிக்கூட நாடகம். நீங்களும் அண்ணியும் பிள்ளையும் வந்து நடத்தித் தரவேணும்."

மாமா இன்னும் பேப்பரை மடிக்கவில்லை. கடிகாரம் பதினொன்றரையைக் காட்டியது. எனக்குப் பொறுமை போய்விட்டது. குளிர்ச்சட்டைக்குள்ளிருந்து, மேற்கிலும் போரைத் தொடங்கச் சொல்லி ரஷ்யா அமெரிக்காவைக் கேட்கும் என் மேடை வசனத்தை, ஒத்திகையில் ஒருநாளும் வராத சத்தத்தில், நடுக் கூடத்தில் நின்று முழங்கினேன்: "மூன்று ஆண்டுகளாக நான் தனியே இரத்தம் சிந்துகிறேன்! எங்கே இரண்டாவது முனை?"

பேப்பர் மாமாவின் மடியில் விழுந்தது. பிறகு நடராசா மாமா சிரித்தார் பாருங்கள், சாரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எழும்படா கஜன், காரை எடுக்கிறன்" என்றார். ஆனால் சமாதானத்துக்கும் எங்களிடத்தில் முறை உண்டு. "சொல்ல வந்த வீட்டிலை ஒண்டும் வாயிலை வைக்காமல் போறதோ?" என்று மாமி புட்டும் முட்டைப் பொரியலும் கொண்டுவந்து வைத்தார். அவசரம் என்று சொன்னால் திரும்பவும் கோபம் வரும். அம்மா நின்ற நிலையிலேயே புட்டை விழுங்க, நான் தண்ணீர் குடித்து இறக்க, புறப்படும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது.

பட்னி பாலத்துக்குக் கிட்டப் போனதும் கார் அசையவில்லை. கொண்டாட்டத்துக்குப் போகும் சனம் லண்டன் முழுவதும் தெருவில் இருந்தது. பத்து நிமிடத்தில் பத்து அடி போனோம். மாமா ஒரு சந்துக்குள் காரைத் திருப்பி நிறுத்தினார். "கிடக்கட்டும், பேந்து பாப்பம், இறங்குங்கோ!" டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலைப் பிடிக்க ஐந்து பேரும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். வண்டியெல்லாம் கடதாசித் தொப்பிகளும் கொடிகளும். எனக்கு எதிரே இருந்த ஒரு கிழவி, வியர்வை ஒழுக நிற்கும் என்னை மேலும் கீழும் பார்த்து, நீ என்ன வேஷம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ரஷ்யா என்றேன். பக்கத்தில் இருப்பவன்? அமெரிக்கா. "அப்படியென்றால் கொஞ்சம் விரைவாகப் போங்கள் கண்ணே. போனமுறை நீங்கள் வரும்வரை நாங்கள் நிறையக் காத்திருந்தோம்" என்றாள். பெட்டி முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டேஷன்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பிளேஸ்டோவில் இறங்கியபோது இரண்டு மணி இருபது.

மண்டபத்தில் என்ன நடந்தது என்பதைப் பிறகு அண்ணா சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். நேரம் வந்துவிட்டது, தொடங்குங்கள் என்று விழாக்காரர்கள் ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார்கள். ரவி அண்ணை தொடங்கிவிட்டார். போலந்து, டென்மார்க், நோர்வே, ஹொலண்ட், பெல்ஜியம், பிரான்ஸ் எல்லாம் எட்டு நிமிடத்தில் தரையில். துளசி மட்டும் சட்டி மூடியோடு நின்றாள். அண்ணா அவளைத் தாக்கினான். "நான் விழமாட்டேன்!" என்று கத்தினாள். கொப்பியின்படி அவன் இனி ரஷ்யாப் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினான், ரஷ்யா இல்லை. வேறு என்ன செய்வது, திரும்பவும் துளசியிடம் வந்தான். "நான் விழமாட்டேன்!" மூன்றாவது தரம் முன்வரிசை முதியவர்கள் கைதட்டினார்கள். ஐந்தாவது தரம் காலால் தரையை உதைத்தார்கள். ஏழாவது தரம், குண்டு விழுந்த நாட்களில் இதே தெருக்களில் இருந்த அந்தக் கிழவர்களும் கிழவிகளும், அர்த்தம் தெரியாமலே, துளசியோடு சேர்ந்து கத்தினார்கள்.

தெருமுனையில் ஓடிவரும்போது எங்களுக்குக் கேட்டது அந்தச் சத்தம்தான். நூறு ஆங்கிலக் குரல்கள் ஒன்றாக, "நான் விலமாட்டேன்! நான் விலமாட்டேன்!" அம்மா ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு கழன்று தெருவிலேயே கிடந்தது. மாமிதான் அதை எடுத்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் கதவைத் தள்ளிய நேரத்தில் ரவி அண்ணை பதற்றம் முற்றி, இருக்கிற குறிப்பையெல்லாம் வாசித்து முடித்து, கடைசிப் பக்கத்துக்கும் போய்விட்டிருந்தார். இவ்வாறு நேச நாடுகள் போரை வென்றன என்று ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். ஜேர்மனியோ இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றது. சனம் ஒன்றும் விளங்காமல் ஒருவரையொருவர் பார்த்தது.

"இல்லை! இன்னும் முடியேல்லை!" என்று வாசலிலிருந்து கத்தினார் அம்மா.

ஒற்றைச் செருப்போடு நடந்து வந்து ரவி அண்ணையின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். கையில் குறிப்பு இல்லை, ஒத்திகை இல்லை, முன்னால் நூறு ஆங்கிலேயர்கள். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு துளசியைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டார்: "இவள் தனியாகவா நின்றாள்?"

"ஆமாம், தனியாகத்தான்" என்றார் முன்வரிசையில் மெடல் குத்தியிருந்த ஒரு கிழவர்.

"பின்னால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார் அம்மா. மேடையோரம் வாங்கிலில் தங்கள் முறைக்குக் காத்திருந்த பிள்ளைகளை எழும்பச் சொன்னார். இந்தியா, கனடா, அவுஸ்திரேலியா, ஆபிரிக்கா, திருகோணமலைத் துறைமுகத்தோடு இலங்கை. ஐந்தும் வந்து துளசியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றன. "இவர்கள் எங்கே போரைத் திருப்பினார்கள்? தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள்."

அந்தக் கிழவர் கையை உயர்த்தினார். எழுபத்தைந்து வயது மனிதர், வகுப்பில் பிள்ளை உயர்த்துவதுபோல். "அலமெய்ன், மேடம். பாலைவனம். இந்தியர்கள் எங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள்."

"நல்லது. உட்காருங்கள்" என்றார் அம்மா. உட்கார்ந்துதான் இருந்தார் மனிதர், இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அம்மாவை யாராலும் நிறுத்த முடியவில்லை. பசிபிக்கில் கப்பல்களை வென்ற அமெரிக்காவை ஒரு மூலையில் நிறுத்தினார். வொல்கா நதிக்கரையில் ஒரு நகரத்துக்காக ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு மாடியாகச் சண்டையிட்ட குளிர்காலத்தைச் சொல்லி என்னை முன்னால் கூப்பிட்டார். பனியாக வெள்ளைப் பஞ்சு என் தலையில் கொட்ட, கறுப்புத் துணியின் கிழக்குத் தலைப்பை இழுத்தேன். அண்ணா சாய்ந்து நின்று தாங்கினான். இன்னும் இழுத்தேன். சப்பாத்து வழுக்கியது.

"ஏன் விழவில்லை?" என்று மண்டபத்தைக் கேட்டார் அம்மா. "இனி என்ன செய்ய வேண்டும்?"

இப்போது கைகள் காடாக எழுந்தன. தொப்பி போட்ட ஒரு கிழவியை அம்மா விரலால் காட்டினார். "மற்றப் பக்கத்தைத் திறக்க வேண்டும்!" எங்கே? "நோர்மண்டி!" என்று முழு மண்டபமும் கத்தியது. கஜன் சோக்கினால் கீறிய கடலை ஒரே பாய்ச்சலில் தாண்டி, துளசியையும் கையோடு இழுத்துக்கொண்டு, மேற்குத் தலைப்பைப் பிடித்தான். பின்னால் கதிரையில் ஏறி நின்ற நடராசா மாமா, "இழுடா கஜன்! விடாதை, இழு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அண்ணா ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் மேடை அதிர விழுந்தான். கிழவர்கள் எழுந்து நின்றார்கள். அழுதவர்களும் இருந்தார்கள். அம்மா மைக்கைப் பிடித்தபடி, சோக்குத்தூள் ஒட்டிய வெறுங்காலோடு, முகமெல்லாம் சிவந்து நின்றார். அவ்வளவு வடிவான அம்மாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

புறப்படும்போது நடராசா மாமா வாசலில் நின்று, வழக்கமான "தங்கச்சி"யை விட்டுவிட்டு, "ரீச்சர், அப்ப நாங்கள் போட்டு வாறம்" என்றார்.

அந்த மண்டபம் இன்று இல்லை. அந்த இடத்தில் ஐந்து மாடி வீடுகள் எழும்பிவிட்டன. முன்வரிசையில் கையுயர்த்தியவர்களில் யாரும் இன்று இருக்க முடியாது. அம்மாவின் கொப்பியும் ஏதோ ஒரு வீடு மாறலில் தொலைந்துவிட்டது. நடராசா மாமா காலமான செய்தி கைப்பேசிக் குழுவில், இரண்டு பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவில் வந்தது. ஒருவரும் ஒருவர் வீட்டுக்கும் போய்ச் சொல்லவில்லை, ஒருவரும் அதற்காகக் கோபிக்கவும் இல்லை. அம்மாவுக்கு இங்கே ஒருநாளும் ஒரு வகுப்பறை கிடைக்கவில்லை. முழங்கால் விடும்வரை விரிப்புகளைத்தான் மடித்தார்.

சென்ற மாதம் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். படிவம் நிரப்பிய தாதி, என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டாள். லாண்டரி என்று நான் வாயெடுக்க முன்பு அம்மா முந்திக்கொண்டு, "டீச்சர்" என்றார். எத்தனை வருடம் என்று தாதி கேட்டாள். அம்மா கொஞ்சம் யோசித்து, ஒரு தடுமாற்றமும் இல்லாத ஆங்கிலத்தில் சொன்னார்: "ஊரில் பதினொரு வருடம். லண்டனில் அரை மணி நேரம்."